வசந்த வாரம் என்றால் என்ன, அக்கா?

கீத்லி, யார்க்ஷயர்,
மார்ச், ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

தம்பி கிளைவ் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் ஸ்பெயினில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வெயில் எப்படி என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய். இங்கே பமேலா நலம், நாய் நலம், மழையும் நலமாகப் பெய்துகொண்டிருக்கிறது. நான் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் பேசலாமே என்று நினைப்பாய். பேசினால் பமேலா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்துவாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் எங்கள் மகள் லிடியாவைப் பற்றியது. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. காதல் கீதல் என்றும் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் முதலீட்டு வங்கியில் வேலைக்குப் போவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். நம் குடும்பத்தில் வங்கிக்குள் போய் நிம்மதியாக உட்கார்ந்த ஒரே ஆள் நீதான். பென்ஷன் வாங்கும் வரை கவுண்டரில் இருந்தவள். ஆகவே உன்னிடம் கேட்கிறேன்: முதலீட்டு வங்கியில் என்னதான் செய்கிறார்கள்? கவுண்டர் உண்டா? நான் ஆறு மாதமாக எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். செப்டம்பரில் அவளைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டோம் இல்லையா. படிக்கப் போனது வரலாறு. மத்திய காலத் துறவி மடங்களைப் பற்றி அவள் எவ்வளவு பேசுவாள் என்று உனக்கே தெரியும், நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் முழுக்க முழுக்க அதைத்தான் பேசினாள், அத்தான் தூங்கியே போனார். முதல் நாள் அங்கே ஒரு பெரிய கூடத்தில் வரிசையாக மேசை போட்டு, பாட்டுக் குழு, படகுக் குழு, பாலாடைக்கட்டி தின்பவர்கள் குழு என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பாட்டில் சேர்ந்துகொள் என்று பமேலா அனுப்பி வைத்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வங்கியின் பெயர். கூடவே கோட்டு சூட்டு போட்ட ஒரு பையன். பெரெக்ரின் என்று பெயராம். இரண்டாம் வருஷம் படிக்கிறான், முதலீட்டுச் சங்கத்தின் தலைவன். அவன் என் கையைக் குலுக்கிவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "கொஞ்சம் லேட்டா வந்திருக்கீங்க சார்" என்றான். நான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று சமாதானம் சொன்னேன். அவன் அதைச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்திலேயே தயாராக ஆரம்பித்துவிடுகிறார்களாம். எதற்குத் தயாராக என்று கேட்டேன். விண்ணப்பிப்பதற்கு என்றான். எதற்கு விண்ணப்பிக்க என்று கேட்டேன். வசந்த வாரத்துக்கு என்றான். நான் அது ஏதோ பூக்காட்சி என்று நினைத்துக்கொண்டு நல்லது தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

வசந்த வாரம் என்றால் பூ இல்லை அக்கா. ஈஸ்டர் விடுமுறையில் வங்கிக்காரர்கள் முதல் வருஷப் பிள்ளைகள் சிலரைப் பொறுக்கியெடுத்து ஒரு வாரம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அதில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த வருஷம் கோடையில் கூப்பிடுவார்கள். கோடையில் நல்ல பெயர் எடுத்தால் படிப்பு முடிந்ததும் வேலை. அதாவது வேலைக்காக ஒரு வேலை, அந்த வேலைக்காக ஒரு வாரம், அந்த வாரத்துக்காக இப்போதே தயாராக வேண்டும். நான் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தபோது கார் மட்டும்தான் வாங்கினேன்.

அக்டோபரில் ஒரு நாள் போன் செய்தாள். வீட்டு ஞாபகம் வந்து அழப்போகிறாள் என்று பமேலா கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தாள். லிடியாவோ, "அப்பா, நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது சிட்டியில இருக்காங்களா?" என்று கேட்டாள். நான் ஏன் இல்லை, நம் மால்கம் இருக்கிறானே, சனிக்கிழமை தோறும் வாசலில் டிக்கெட் கிழிக்கிறானே என்றேன். நமக்கு சிட்டி என்றால் பிராட்ஃபோர்டு சிட்டி, கால்பந்து. அவர்களுக்கு சிட்டி என்றால் லண்டனில் பணக்காரர்கள் வேலை பார்க்கிற இடமாம். பிறகு, பரவாயில்லை அப்பா, நானே தெரிந்துகொள்கிறேன் என்றாள். எப்படித் தெரிந்துகொண்டாள் என்கிறாய்? முன்பின் தெரியாத வங்கிக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்களோடு ஒரு காபி சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். தெரியாதவர்கள் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை. பமேலாவுக்குப் படபடப்பு வந்துவிட்டது. இதில் பெரிய கூத்து, லிடியாவுக்குக் காபியே பிடிக்காது.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். முன்பெல்லாம் வந்ததும் நாயைக் கட்டிக்கொண்டு தரையில் உருளுகிறவள், இப்போது நின்றபடியே அதன் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நேற்று பங்குச் சந்தை எப்படி முடிந்தது என்று போனைப் பார்த்தாள். துறவிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பிடும்போது, இது உனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். "அவங்க கேக்கற கேள்விகள்ல அது இல்லப்பா" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை அக்கா. நிஜமாகவே ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அன்றிலிருந்துதான் எனக்குப் பயம் ஆரம்பித்தது.

அந்த விடுமுறையில்தான் நேர்காணல். வீட்டிலேயே. லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் ஆள் கிடையாது. கேள்வி எழுத்தாக வரும், கொஞ்ச நேரம் யோசிக்க விடும், பிறகு பேசு என்று சொல்லிப் பதிவு செய்துகொள்ளும். ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசுவதற்காக அவள் குளியலறைக் கண்ணாடியில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று முன்னறையை எடுத்துக்கொண்டாள். நானும் பமேலாவும் நாயும் சமையலறையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. அப்போது பார்த்து என் மாணவி ஒருத்தி, பாடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் வந்து மணியடிக்கப் போனாள். ஜன்னல் வழியாகக் கையைக் காலை ஆட்டித் தடுத்து நிறுத்திவிட்டேன். ஆனால் கார் சாவி முன்னறை அலமாரி மேல் கிடந்தது. லிடியாவின் முதுகுக்குப் பின்னால். கேமரா மேலேதானே பார்க்கிறது, தரையோடு தரையாகப் போனால் தெரியாது என்று கணக்குப் போட்டு, முழங்காலிட்டுத் தவழ்ந்து போனேன். கையை மட்டும் தூக்கிச் சாவியை எடுத்தேன். தவழ்ந்தே திரும்பினேன். லிடியா ஒரு நொடிகூடத் தடுமாறாமல், ஒரு குழுவை வழிநடத்திய அனுபவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தாள். பேசி முடித்து லேப்டாப்பை மூடிவிட்டுத்தான் சொன்னாள்: அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் அம்மாவின் பெரிய கண்ணாடி இருக்கிறதே, அதில் நான் தலை முதல் கால் வரை விழுந்திருக்கிறேனாம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. பமேலா என்னோடு புத்தாண்டு வரை பேசவில்லை. ஆனால் ஜனவரியில் தகவல் வந்தது, அந்தச் சுற்றில் அவள் தேறிவிட்டாள் என்று. ஏன் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

கடைசிச் சுற்று பிப்ரவரியில், லண்டனில், நேருக்கு நேர். அந்த வாரம் வகுப்பு இல்லை என்று வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று காலை புயல் காற்று, ரயில் எதுவும் ஓடவில்லை. முகம் வெளிறிப்போய் ஸ்டேஷன் வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டு, அன்றைய பாடங்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு நானே காரில் கூட்டிப்போனேன். உனக்குத்தான் தெரியுமே, என் காரின் தலையில் பலகை இருக்கிறது: 'கிளைவ் டிரைவிங் ஸ்கூல், கீத்லி. பொறுமையே எங்கள் பலம்.' முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் வேறு. அந்த வண்டியில் லண்டன் வரை போனோம். வழி முழுக்க அவள் ஏதேதோ கம்பெனிகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடிக் கட்டிடங்கள் தெரிய ஆரம்பித்ததும், "அப்பா, தப்பா நினைக்காதீங்க, அடுத்த தெருவுல நிறுத்தறீங்களா?" என்றாள். தப்பாக நினைக்கவில்லை என்றேன். கொஞ்சம் நினைத்தேன். காலில் செருப்பை மாற்றிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பமேலா கட்டிக்கொடுத்த பன்றி இறைச்சி பேஸ்ட்ரியைப் பிரித்து வாயில் வைத்தேன். யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். போலீஸ் என்று நினைத்தேன். இல்லை, நல்ல கோட்டு போட்ட ஒரு ஆள், முப்பத்தைந்து வயதிருக்கலாம், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஜூலியன் என்றார். நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டார். கீத்லியில்தான் என்றேன். பலகையில் பார்த்தேன் என்றார். பிறகு அழாத குறையாகச் சொன்னார்: மனைவிக்கு நிறைமாதம், திங்கட்கிழமை லைசென்ஸ் தேர்வு, இதற்கு முன்னால் பலமுறை தோற்றாயிற்று, சொல்லிக்கொடுக்கிறவர் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு சுற்று கூட்டிப்போக முடியுமா? பழகுநர் உரிமத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தலைக்கு மேல் பொறுமை என்று எழுதி வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எப்படி அக்கா போ என்று சொல்வது? நான் பக்கத்துச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.

ஆள் மோசமில்லை. கிளட்சை மட்டும் எதிரியைப் போல் மிதித்தார். தெருவைத் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தால் பதற்றம் குறையும் என்று, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். முதலீட்டு வங்கி என்றார். எனக்குக் கால் தானாகவே என் பக்கத்து பிரேக்குக்குப் போனது. ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஆள், பெல்ட் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஓடவும் முடியாது. என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கணும்னு நினைக்குதுன்னு வைங்க" என்றார்.

"கண்ணாடியைப் பாருங்க."

"பாத்துட்டேன். அப்ப அந்தக் கம்பெனி எங்ககிட்ட வரும்."

"ஏன், நேரா அவங்ககிட்டயே போய்க் கேக்கக் கூடாதா? இண்டிகேட்டர் போடுங்க."

"கேக்கலாம். ஆனா என்ன விலை கேக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

கிளட்சை மிதித்துக் கியரை மாற்றினார். "நாங்க ஒரு விலையைச் சொல்லுவோம்" என்றார். "அந்த விலைக்குப் பின்னாடி ஒரு தடிப் புத்தகம் அளவுக்குக் காகிதம் இருக்கும்."

"அதை யார் படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா இல்லாம இருக்கக் கூடாது."

நான் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் நான் ஏதாவது புரிந்துகொண்டேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வழிகாட்டிப் பலகையைப் பார்க்கவில்லை. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் போய்விட்டது. எதிரே தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் போகிற சுரங்கப்பாதை வாயைத் திறந்துகொண்டிருந்தது. இப்போ என்ன செய்ய என்று அவர் கேட்டார். நேராகப் போங்கள் என்றேன். எது வரைக்கும் என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல?

நடுச் சுரங்கத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, மேலே ஆறு. போனில் சிக்னல் இல்லை. ஜூலியன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். மதியம் ஒரு நேர்காணல் நடத்த வேண்டும், வசந்த வாரத்துக்கு வந்திருக்கிற பிள்ளைகள் என்றார். யாரை என்று, ஏதோ ஊர்க் கதை கேட்கிற மாதிரி கேட்டேன். "யார்க்ஷயர் பொண்ணு ஒண்ணு. ஆக்ராய்டுன்னு பேரு" என்றார்.

கடவுளே, என் மகளுடைய நேர்காணலை எடுக்க வேண்டிய ஆளை நானே கடத்திக்கொண்டு வந்து ஆற்றுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நல்லவேளை, பலகையில் குடும்பப் பெயர் இல்லை, கிளைவ் என்று மட்டும்தான் இருக்கிறது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஆபீசில் எல்லோருக்கும் ஆவலாம். அவள் அனுப்பிய பதிவில், பின்னால் இருக்கிற கண்ணாடியில் ஒரு கிழவர் தரையில் தவழ்ந்து போய் எதையோ திருடிக்கொண்டு திரும்பி வருகிறாராம். அவளோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம். "பதில் சுமார்தான். ஆனா இந்தப் பொண்ணு எதுக்கும் அசையாதுன்னு மேல அனுப்பிட்டோம்" என்றார். அந்தக் கிழவர் யாராக இருக்கும் என்று நானும் சேர்ந்து யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கிழவர் என்றது மட்டும் கொஞ்சம் அதிகம்.

பிறகு உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண், வரலாறு படிக்கிறாள் என்றேன். பொய் இல்லையே. வரலாறா, கொடுத்து வைத்தவள் என்றார். வார நாட்களில் தன் மனைவி விழித்திருந்து பார்த்தே வெகு நாளாயிற்று, அவள் வயிறு பெரிதாவதையே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தேன் என்றார். குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். நான் பேஸ்ட்ரியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

லாரியை இழுத்துப்போனதும் அக்கரை போய்த் திரும்பி வந்தோம். நேரம் எப்போதோ கடந்துவிட்டதால் அவருக்குப் பதற்றமே போய்விட்டது, அருமையாக ஓட்டினார். சந்துக்குள் வண்டி நுழைந்தபோது லிடியா நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்த நல்ல செருப்பைப் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு. எல் பலகை போட்ட நம் வண்டி, ஓட்டுகிறவர் கழுத்தில் அந்த வங்கியின் அட்டை. அவள் முகத்தை நான் இப்போது நினைத்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஜூலியன் இறங்கி, நீங்கள்தானே ஆக்ராய்டு, உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றார். அவள் என்னைப் பார்த்து, அப்பா என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். "உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்குன்னு அப்பவே நினைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் லெஸ்டர் ஊரைத் தாண்டினோம். பிறகு லிடியாவாகவே சொன்னாள். ஜூலியன் வராததால் வேறு ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாராம், டிராவர்ஸ் என்று பெயர், சிரிப்பு என்பதே கிடையாதாம். உனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியைச் சொல்லு, அதை என்ன செய்யலாம் என்று சொல்லு என்றாராம். வழியெல்லாம் முணுமுணுத்துப் படித்த பெரிய பெரிய கம்பெனிகள் அத்தனையும் அந்த நொடியில் பறந்துபோயின. மூளையில் நின்றது ஒன்றே ஒன்று.

"கிளைவ் டிரைவிங் ஸ்கூல்னு சொல்லிட்டேன்பா."

"எதுக்கும்மா?"

"வேற ஒண்ணும் வரல. ஒரு கார், ஒரு ஆள், அந்த ஆளுக்கு முழங்கால் வலி. எல்லாத்தையும் சொன்னேன்."

"சரி. என்ன பண்ணலாம்னு சொன்னே?"

"நார்மன் சக்டன்கிட்ட வித்துடலாம்னு சொன்னேன்" என்றாள்.

அக்கா, நார்மன் சக்டன். என் பலகை நிறத்தையே திருடிக்கொண்டு, நான்கு காரோடு எதிர் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டு, ரவுண்டானாவில் என்னைப் பார்த்தால் வேண்டுமென்றே கையசைக்கிற அந்த நார்மன். என் சொந்தப் பெண், முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், என்னை அவனுக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறாள். அவனிடம் வண்டி இருக்கிறது, ஆனால் ஆட்கள் நிற்பதில்லை. என்னிடம் ஆள் இருக்கிறார், வண்டி ஒன்றுதான் என்று காரணம் வேறு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மேலே சொன்னாள். பயந்த பிள்ளைகளுக்கு அப்பா காசு வாங்காமல் கூடுதல் பாடம் எடுப்பார், தேர்வன்று வாசலில் போய் நிற்பார், தோற்றவர்கள் வேறு ஸ்கூலுக்குப் போகாமல் திரும்பி வருவது அதனால்தான், அதற்கு எப்படி விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை என்று அந்த அம்மாளிடம் சொன்னாளாம். அந்த அம்மாள் அப்போதுதான் முதன்முறையாகப் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாராம். இதையெல்லாம் இவள் எப்போது கவனித்தாள் என்று எனக்குத் தெரியாது. கோபப்படுவதா, நெகிழ்ந்துபோவதா? ஷெஃபீல்டு வரைக்கும் இரண்டும் மாறி மாறி வந்தது. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டதால் சாலையைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் முடிவு வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் வசந்த வாரம். பமேலா கேக் செய்து தெருவுக்கே கொடுத்தாள். பக்கத்து வீட்டு எட்னா, என்ன வேலை என்று கேட்டதற்கு, பெரிய வேலை என்று பமேலா சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஜூலியனும் ஒரு தபால் அட்டை போட்டிருந்தார்: தேர்வில் தேறிவிட்டார், மனைவியைத் தானே காரோட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், பெண் குழந்தை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் அக்கா. நான் ஒருவன்தான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அந்தக் கதவுக்குள் போய்விட்டால் ஒரு வாரம் ஒரு கோடையாகும், ஒரு கோடை ஒரு ஆயுளாகும், பிறகு ஒரு நாள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் யாரோ ஒருவனுடைய காரில் உட்கார்ந்து, என் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பேன் என்று சொல்வாள். அதுவும் எந்த ஞாயிற்றுக்கிழமை? சொந்த விருப்பத்தில் படிக்கப் போன துறவிகளை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டுரை ஒன்று கொடுக்கவில்லை என்று ஆசிரியர் எச்சரித்திருக்கிறாராம். அதையும் அவள் தம்மாத்தூண்டு விஷயம் மாதிரி சொல்கிறாள்.

ஆகவே எனக்காக இரண்டு காரியம் செய். ஒன்று, அந்த வேலை என்னவென்று உனக்குத் தெரிந்தால் எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஜூலியன் சொன்னதை நாலு முறை பமேலாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனி வேறு கம்பெனியை வாங்கிவிடுகிறது. இரண்டு, லிடியாவுக்கு நீ ஒரு வரி எழுது. நான் சொன்னேன் என்று சொல்லாதே. வங்கி வேண்டாம், வசந்தத்தில் வீட்டுக்கு வா, துறவிகளைப் படி, அத்தை நானும் அதைத்தான் விரும்புகிறேன் என்று எழுது. உன் பேச்சை அவள் கேட்பாள். நான் சொன்னால், நான் நார்மன் விஷயத்தில் கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பாள்.

அத்தானின் முதுகு சீக்கிரம் குணமாகட்டும். வெயிலில் படுத்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வதை நம்பாதே. உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பும் நீண்ட ஓய்வும் குறையாமல் இருக்கட்டும். பமேலாவின் அன்பும் இதிலேயே அடக்கம். அவளுக்கு இந்தக் கடிதம் தெரியாது, ஆனாலும் அனுப்பியிருப்பாள்.

என்றும் உன் தம்பி,
கிளைவ்

பி.கு.: திங்கள் மாலை. உறையை ஒட்டுவதற்குள் லிடியாவிடமிருந்து போன். அந்த வங்கியை இன்னொரு வங்கி வாங்கிவிட்டதாம். செய்தியில்கூடச் சொன்னார்களாம். இரண்டு இடத்திலும் ஆட்கள் அதிகமாகிவிட்டதால் இந்த வருஷம் வசந்த வாரம் கிடையாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, ஒரு கம்பெனி இன்னொண்ண வாங்குதுன்னு ஜூலியன் சொன்னாரே, அதுதான் இது." அக்கா, எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நீ விளக்க வேண்டியதில்லை.

விளங்கியதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. என் பெண்ணை வரச் சொல்லிவிட்டு வராதே என்று சொல்ல இவர்கள் யார்? புயலில் லண்டன் வரை ஓட்டிக்கொண்டு போனேனே. ஆகவே மேலே எழுதியது எதையும் அவளுக்கு எழுதிவிடாதே. துறவிகளைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். மனம் தளராதே, விடாதே, இன்னும் எத்தனையோ வங்கி இருக்கிறது என்று எழுது. நானே சொல்லத்தான் ஆரம்பித்தேன், அழுதுவிட்டேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: அழாதீங்கப்பா, காலையிலேயே வேறு வங்கிக்கு விண்ணப்பம் போட்டாச்சு என்று. எந்த வங்கி என்று கேட்டேன்.

"நம்மள வாங்கின வங்கிதான்பா" என்றாள்.

நம்மள என்றாள், அக்கா. நானும் சரி என்றுதான் சொன்னேன்.